பரிமாணம்: ஏற்காடு மலைப்பாதையில் எழுந்த கேள்விகள்

சேலத்தில் மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு இயற்பியல் கற்பிக்கிறேன். ஆண்டுக்கு ஒரு முறையாவது அவர்களை ஏற்காட்டுக்கு அழைத்துச் செல்வது வழக்கம். பஸ் அடிவாரத்தைத் தாண்டியதும் பாட்டு ஓய்ந்து கேள்விகள் தொடங்கும். அவற்றில் பாதி பரிமாணத்தைப் பற்றியவை. துணைக்கு வரும் பெற்றோரும் கேட்பதுண்டு. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், மலையிலும் ஊரிலும் கண்ணில் பட்டதை வைத்து நான் சொன்ன பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

பரிமாணம் என்றால் என்ன?

ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்லி முடிக்க, ஒன்றையொன்று சாராத எத்தனை எண்கள் வேண்டுமோ அந்த எண்ணிக்கைதான் பரிமாணம். 'ஒன்றையொன்று சாராத' என்ற சொற்களை விட்டுவிடக் கூடாது.

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. வழியில் பஸ் நின்றுவிட்டால், "பன்னிரண்டாவது வளைவில் நிற்கிறோம்" என்று வீட்டுக்குச் சொன்னால் போதும். கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், சேலத்திலிருந்து வடக்கே எவ்வளவு, கிழக்கே எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. வளைவின் எண் தெரிந்தால் மற்ற மூன்றும் தாமே தெரிந்துவிடும். ஆகவே அந்தச் சாலை ஒரு பரிமாணம் கொண்டது. அது ஏறலாம், வளையலாம், வந்த வழிக்கு நேர் மேலேயே திரும்பி வரலாம். ஒரு எண்ணுக்கு மேல் கேட்காது. வளைந்தால் பரிமாணம் கூடிவிடும் என்று நினைக்கும் மாணவர்கள் பலர். அவர்களுக்கு இந்தச் சாலையைவிட நல்ல பாடம் கிடையாது.

பஸ்ஸை விட்டிறங்கிக் காப்பித் தோட்டத்துக்குள் நடக்கத் தொடங்கினால் ஒரு எண் போதாது. சரிவு ஒரு பரப்பு. அதற்கு இரண்டு எண்கள் வேண்டும். அந்தச் சரிவுக்கு மேலே வட்டமிடும் பருந்துக்கு மூன்று, ஏனென்றால் பருந்தின் உயரத்தை நிலம் தீர்மானிப்பதில்லை.

நான்காம் பரிமாணம் எங்கே இருக்கிறது? அதற்குள் போக முடியுமா?

பரிமாணத்தை ஓர் இடம் என்று நினைத்துக்கொள்வதால் எழும் கேள்வி இது. 'உயரம் எங்கே இருக்கிறது?' என்று ஒருவர் கேட்டால் என்ன சொல்வோம்? ஏற்காட்டில் இருக்கிறது, சேலத்தில் இல்லை என்றா? நிற்கும் இடம் எதுவானாலும் அங்கிருந்தே அளக்கக்கூடிய ஒரு திசைதான் உயரம். நான்காவது பரிமாணம் என்று ஒன்று இருந்தால் அதுவும் அப்படித்தான் இருக்கும். உலகத்துக்கு அடுத்த வீடாக அது எங்கோ பூட்டிக் கிடப்பதில்லை.

'ஐந்தாம் பரிமாணத்துக்கு உயர்த்துகிறோம்' என்று சொல்லிப் பயிற்சி வகுப்புகளுக்கு அழைப்பவர்களைப் பற்றியும் பெற்றோர் கேட்கிறார்கள். தியானத்தால் மனம் அமைதி அடையலாம். அதை நான் மறுக்கவில்லை. அந்த அமைதிக்கும் இந்த எண்ணிக்கைக்கும் தொடர்பில்லை. அதற்காகப் பணம் கட்டவேண்டாம் என்றே சொல்கிறேன்.

காலத்தை ஏன் பரிமாணம் என்கிறார்கள்?

சேலத்தில் ஒருவரைச் சந்திக்க 'ஐந்து ரோடு சந்திப்பு' என்று சொன்னால் மட்டும் போதாது, 'மாலை 5 மணி' என்றும் சொல்ல வேண்டும். இடத்துக்கு மூன்று எண்கள், நேரத்துக்கு ஒன்று. ஆக ஒரு நிகழ்வுக்கு நான்கு. இது வரைக்கும் வர ஐன்ஸ்டைன் தேவையில்லை. 1754இல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் 'பரிமாணம்' என்ற கட்டுரையை எழுதிய தலம்பேர், காலத்தை நான்காவது பரிமாணமாகக் கொள்ளலாம் என்று தமக்குத் தெரிந்த அறிஞர் ஒருவர் கருதுவதாக அதிலேயே குறிப்பிட்டிருக்கிறார்.

20ஆம் நூற்றாண்டில் வந்த புதுமை வேறு. அந்த நான்கு எண்களும் தனித்தனியே நிற்பவை அல்ல, கலக்கக்கூடியவை என்பதுதான் அது. ஒரு வரைபடத்தை எண்ணிப் பாருங்கள். ஓர் ஊர் வடக்கே 3 கிலோமீட்டர், கிழக்கே 4 கிலோமீட்டர் என்கிறோம். வரைபடத்தைச் சற்றுத் திருப்பி வைத்தவருக்கு அந்த இரண்டு எண்களும் மாறிவிடும். நேர்த்தூரமாகிய 5 கிலோமீட்டர் மாறாது. இரண்டு நிகழ்வுகளைப் பார்க்கும் இருவர், ஒருவர் நின்றுகொண்டும் மற்றவர் வேகமாகப் போய்க்கொண்டும் இருந்தால், நிகழ்வுகளுக்கிடையே உள்ள தூரத்திலும் உடன்படமாட்டார்கள், நேரத்திலும் உடன்படமாட்டார்கள். ஐன்ஸ்டைன் 1905இல் சார்பியல் கோட்பாட்டில் சொன்னது இது. அந்த நேரத்தில் ஒளி கடக்கும் தொலைவின் வர்க்கத்திலிருந்து தூரத்தின் வர்க்கத்தைக் கழித்தால் மட்டும் இருவருக்கும் ஒரே விடை வரும். 1908 செப்டம்பரில் கொலோன் நகரில் ஆற்றிய உரையில் கணித அறிஞர் மின்கோவ்ஸ்கி இதைத் தெளிவாக எடுத்து வைத்தார். இடம் தனி, காலம் தனி என்ற பேச்சு இனி நிழலாகத் தேய்ந்துவிடும் என்றார்.

வரைபடத்தில் வர்க்கங்களைக் கூட்டுகிறோம், இங்கே கழிக்கிறோம். காலம் இன்னொரு நீளம் ஆகிவிடாமல் காலமாகவே இருப்பதற்கு அந்தக் கழித்தல் குறிதான் காரணம். வடக்கே போனவர் தெற்கே திரும்பலாம், நாளைக்குப் போனவர் நேற்றைக்குத் திரும்ப முடியாது என்பதும் அதை ஒட்டியதே.

சேலத்திலும் ஏற்காட்டிலும் கடிகாரம் ஒரே வேகத்தில் ஓடுமா?

ஓடாது. இந்தக் கேள்வியை ஒரு மாணவி கேட்டபோது பஸ்ஸிலேயே கணக்குப் போட்டோம். சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். வேறுபாட்டை 1,200 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஐன்ஸ்டைனின் 1915ஆம் ஆண்டுப் பொதுச் சார்பியல் கோட்பாட்டின்படி ஈர்ப்பில் உயரே இருக்கும் கடிகாரம் சற்று வேகமாக ஓடும். உயர வேறுபாட்டைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி, ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்தால் எத்தனை பங்கு வேகம் கூடுகிறது என்பது கிடைக்கும். ஒரு நாளைக்கு ஏற்காட்டுக் கடிகாரம் சுமார் 11 நானோ நொடி முந்தும். ஓர் ஆண்டுக்குச் சுமார் 4 மைக்ரோ நொடி.

கைக்கடிகாரத்தில் இது தெரியாது. ஆனால் இந்த விளைவை 1960இல் பவுண்ட், ரெப்கா இருவரும் ஹார்வர்டில் வெறும் 22.5 மீட்டர் உயர வேறுபாட்டிலேயே அளந்து காட்டிவிட்டார்கள். கைபேசிக்கு வழிகாட்டும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள் நாளுக்குச் சுமார் 38 மைக்ரோ நொடி முந்துகின்றன. அதைத் திருத்திய பிறகே கணக்கு சரிப்படுகிறது.

இடமும் காலமும் சேர்ந்தவை என்பது தொல்காப்பியத்திலேயே சொல்லப்பட்டிருக்கிறதா?

'முதல்எனப் படுவது நிலம்பொழுது இரண்டின் இயல்பு' என்று அகத்திணையியலில் வருகிறது. நிலத்தையும் பொழுதையும் சேர்த்து முதற்பொருள் என்று அழைத்த மரபு நம்முடையது. ஏற்காட்டில் நின்று இதைப் படிக்கும்போது உடல் சிலிர்க்கும்: மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி, அதற்குக் கூதிர்க்காலமும் நள்ளிரவும். எந்த உணர்வும் ஓர் இடத்தையும் ஒரு பொழுதையும் விட்டுத் தனியே நிகழ்வதில்லை என்று தெரிந்தவர்கள் வகுத்த இலக்கணம் அது.

அது கவிதைக்கான இலக்கணம். அதில் ஒளிவேகமும் இல்லை, கழித்தல் குறியும் இல்லை. சார்பியலை அதற்குள் தேடிக் கண்டுபிடித்ததாகச் சொல்வது இரண்டையும் குறைத்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

பரிமாணம் என்ற சொல்லின் வழி வேறு. அது வடமொழியிலிருந்து வந்தது. அளவு என்று பொருள். பழைய இந்தியத் தத்துவப் பிரிவுகளில் ஒன்றான வைசேடிகத்தில் பரிமாணம் என்பது பொருளுக்கு உரிய குணங்களில் ஒன்று: நுண்மை, பெருமை, நெடுமை, குறுமை. திசையும் காலமும் அங்கே ஒன்பது திரவியங்களில் (அடிப்படைப் பொருள்களில்) தனித்தனியே இரண்டு. எண்ணிக்கை என்ற இன்றைய பொருள் அந்தச் சொல்லுக்குப் பிற்காலத்தில் ஏறியது.

பாடநூலில் வரும் 'பரிமாண வாய்பாடு' இதுதானா?

சொல் ஒன்று, பொருள் வேறு. அங்கே கேட்கப்படுவது ஓர் அளவு எந்த அடிப்படை அளவுகளால் ஆனது என்பது. விசை என்றால் நிறை பெருக்கல் நீளம், வகுத்தல் காலத்தின் வர்க்கம். 1822இல் வெப்பம் பற்றிய ஆய்வில் ஃபூரியே இந்த முறையை வகுத்தார். கிளியூர் அருவியின் உச்சியிலிருந்து விழும் கல் தரையைத் தொட ஆகும் நேரத்துக்கு உயரமும் புவியீர்ப்பு முடுக்கமும் மட்டுமே காரணம் என்று வைத்தால், அவற்றைச் சேர்த்து நேரத்தைப் பெற ஒரே வழிதான் உண்டு: உயரத்தை முடுக்கத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுப்பது. உயரம் நான்கு மடங்கானால் நேரம் இரண்டு மடங்காகும்.

இடத்துக்கு ஏன் சரியாக மூன்று பரிமாணம்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பதிலைப் பூக்கட்டுபவர்களிடம் தொடங்குகிறேன்.

சேலம் பழைய பஸ் நிலையப் பகுதியில் மல்லிகை கட்டும் அம்மா ஒருவரின் விரல்களை மாணவர்களோடு நின்று பார்த்தேன். இந்தப் பக்கம் இரண்டு பூ, எதிர்ப்பக்கம் இரண்டு பூ. காம்புகளின் மேல் நார் ஒரு சுற்று வரும், பிறகு அந்தச் சுற்றின் அடியில் நுழைந்து வெளியே வந்து இறுகும். கண்ணிமைக்கும் நேரம். அந்த முடிச்சில் நார் தன்மேலேயே ஏறிக் கடக்கிறது. இரண்டே பரிமாணம் உள்ள உலகில் கடக்க 'மேல்' என்று ஒரு திசை இல்லை, முடிச்சே விழாது. நான்கு பரிமாண வெளியிலோ, அடியில் கிடக்கும் நாரை நான்காவது திசையில் இம்மியளவு நகர்த்தி, மேல் நாரைத் தொடாமலே மறுபக்கம் கொண்டுவந்துவிடலாம். எந்த முடிச்சும் அறுக்காமலே அவிழ்ந்துவிடும். மாலை நிற்காது, மாட்டுக் கயிறு நிற்காது, தாலியின் மூன்று முடிச்சும் நிற்காது. கயிறு முடிச்சாக நிற்பது மூன்று பரிமாணத்தில் மட்டும்தான்.

இரண்டாவது காரணம் வானத்தில் இருக்கிறது. விளக்கிலிருந்து இரண்டு மடங்கு தள்ளி நின்றால் ஒளி நான்கு மடங்கு பரப்பில் பரவி, நான்கில் ஒரு பங்காகிறது. ஈர்ப்பும் அப்படித்தான் குறைகிறது. இந்த இருமடி எதிர்விகித விதிக்கும் மூன்று பரிமாணத்துக்கும் உறவு உண்டு என்பதை இளைஞராக இருந்த தத்துவ அறிஞர் காண்ட் 1747இலேயே எழுதினார். 1917இல் இயற்பியல் அறிஞர் எரன்ஃபெஸ்ட் மறுமுனையிலிருந்து வந்தார். இடத்துக்கு நான்கு பரிமாணம் இருந்தால் ஈர்ப்பு மும்மடி எதிர்விகிதத்தில் குறையும். அப்போது கோள்களின் பாதை நிலையாக இராது. சிறிது தள்ளிவிட்டாலும் கோள் சூரியனுக்குள் சுருண்டு விழும் அல்லது விலகி ஓடிவிடும்.

இவை எல்லாம் மூன்றல்லாத உலகில் நாம் இருக்க முடியாது என்று காட்டுகின்றன. உலகுக்கு ஏன் மூன்று வாய்த்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

பத்து, பதினொன்று என்கிறார்களே, மீதி எங்கே மறைந்திருக்கின்றன?

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகளைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளிக் கம்பியை, துளைகள் வரிசையாக உள்ள எஃகுத் தகட்டில் பெரிய துளையில் தொடங்கிச் சிறிய துளை வரை ஒவ்வொன்றாக நுழைத்து இழுக்கிறார்கள். இழுக்க இழுக்கக் கம்பி மெலிந்து நீள்கிறது. வாசலில் நின்று பார்ப்பவருக்கு அது ஒரு கோடு. 'இந்த முனையிலிருந்து இரண்டு சாண்' என்றால் இடம் தெரிந்துவிடும். பட்டறைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம்பியில் ஒரு கீறலைத் தேடும்போது, எவ்வளவு தூரத்தில் என்பதோடு கம்பியைச் சுற்றி எந்தப் பக்கத்தில் என்பதும் தேவைப்படுகிறது. இரண்டாவது எண் எப்போதும் அங்கேயேதான் இருந்தது. சிறியதாக இருந்ததால் கண்ணுக்குப் படவில்லை.

1919இல் கலூசா என்ற கணித அறிஞர் ஐன்ஸ்டைனுக்கு ஒரு கட்டுரையை அனுப்பினார். உலகத்துக்கு ஐந்து பரிமாணம் என்று வைத்து ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளை எழுதினால், அதிலிருந்தே ஈர்ப்பும் வருகிறது, மாக்ஸ்வெல்லின் மின்காந்தச் சமன்பாடுகளும் வருகின்றன என்று காட்டியிருந்தார். அது 1921இல் வெளியானது. அந்த ஐந்தாவது ஏன் தெரியவில்லை என்பதற்கு 1926இல் கிளைன் விடை தந்தார்: அது கம்பியின் சுற்றளவைப் போல மிகச் சிறிய வட்டமாகச் சுருண்டிருக்கலாம். அடிப்படைத் துகள்களை நுண்ணிய இழைகளின் அதிர்வாகக் காணும் இழைக் கோட்பாடு முரணின்றி நிற்க மொத்தம் பத்துப் பரிமாணம் வேண்டும். 1995க்குப் பிறகு பேசப்படும் அதன் விரிவான எம்-கோட்பாட்டுக்குப் பதினொன்று.

இவற்றுக்குச் சோதனைச் சான்று இதுவரை கிடையாது. மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தூரத்தில் அளந்தபோதும் ஈர்ப்பு பழைய விதிப்படியே நடந்துகொள்கிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போது 'இருக்கலாம்' என்ற சொல்லை விடாமல் சொல்கிறேன்.

ஒரு கோடு தளம் ஆக முடியுமா?

சேலம் வெண்பட்டுத் தறியில் பாவு நீளவாக்கில் விரிந்திருக்க, ஊடை நூல் நாடாவோடு இங்கும் அங்கும் போய்வருகிறது. ஊடை ஒரே நூல்; நெய்து முடித்தால் பரப்பு. நூலுக்குத் தடிமன் இருப்பதால் இதில் வியப்பில்லை. தடிமனே இல்லாத கோடு?

1877இல் கணித அறிஞர் கான்டர், ஒரு கோட்டின் புள்ளிகளையும் ஒரு சதுரத்தின் புள்ளிகளையும் ஒன்றுக்கு ஒன்று இணைத்துவிடலாம் என்று நிறுவினார். தாம் நிறுவியதைத் தாமே நம்ப முடியாமல், "பார்க்கிறேன், ஆனால் நம்பமுடியவில்லை" என்று நண்பர் டெடகிண்டுக்கு எழுதினார். 1890இல் பியானோ, சதுரம் முழுவதையும் நிரப்பும் தொடர்கோடு ஒன்றைக் காட்டினார். அப்படியானால் சதுரத்தின் புள்ளிக்கும் ஒரு எண் போதும் போலத் தோன்றுகிறது. மேலே நான் தந்த வரையறை உடைகிறது.

அதைச் சரிசெய்ய ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும். கான்டரின் இணைப்பில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் சிதறிப்போகின்றன. பியானோவின் கோடு சில புள்ளிகளை ஒரு முறைக்கு மேல் தொட்டுச் செல்கிறது. புள்ளிக்கு ஓர் எண், அண்மையும் கெடக்கூடாது என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டால், கோட்டைத் தளமாக்கவே முடியாது என்று 1911இல் பிரௌவர் நிறுவினார். ஆக, முதல் பதிலைத் திருத்திக்கொள்ளுங்கள்: அண்மை கெடாமல் இடத்தைச் சொல்ல எத்தனை எண்கள் வேண்டும் என்பதே பரிமாணம்.

கணினித் துறையில் நூற்றுக்கணக்கான பரிமாணம் என்கிறார்கள். அதுவும் உண்மையா?

எண்ணிக்கைதானே பரிமாணம், ஒரு சொல்லை நூறு எண்களால் குறித்தால் அது நூறு பரிமாண வெளியில் ஒரு புள்ளி. அந்த வெளியில் நம் அனுபவம் உதவாது. ஒரு மல்கோவா மாம்பழத்தைக் கோளம் என்று வைத்து, தோலின் தடிமன் ஆரத்தில் 20இல் ஒரு பங்கு என்று கொள்ளுங்கள். மூன்று பரிமாணத்தில் தோல் மொத்தப் பழத்தில் சுமார் 14 சதவீதம். பத்துப் பரிமாண மாம்பழத்தில் 40 சதவீதம். நூறு பரிமாணத்தில் 99 சதவீதத்துக்கும் மேல் தோல்தான். சதை என்று எதுவும் மிஞ்சாது. 0.95ஐ அத்தனை முறை பெருக்கி 1இலிருந்து கழித்தால் விடை வந்துவிடும்.

பரிமாணம் உலகத்தில் இருக்கிறதா, நம் மனத்தில் இருக்கிறதா?

இடம் என்பது பொருள்கள் இல்லாவிட்டாலும் இருக்கும் என்றார் நியூட்டன். பொருள்களுக்கிடையே உள்ள உறவுக்குப் பெயர்தான் இடம் என்றார் லைப்னிட்ஸ். 1768இல் காண்ட் ஒரு கையைக் காட்டிக் கேட்டார். எங்கள் மாணவர்களுக்கு அதைச் சேர்வராயன் கோயில் குகைக்கு முன் கழற்றிப் போட்ட செருப்புகளை வைத்துச் சொன்னேன். இடக்கால் செருப்புக்கும் வலக்கால் செருப்புக்கும் உள் அளவுகள் எல்லாம் ஒன்றே. ஆனாலும் எப்படித் திருப்பினாலும் ஒன்று மற்றொன்றாகாது. அந்த வேறுபாடு செருப்பின் பகுதிகளுக்கிடையே உள்ள உறவில் இல்லை என்றால், வேறு எங்கே இருக்கிறது? முழு வெளியையும் சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும் என்றார் காண்ட். 1781இல் அவர் இன்னும் ஒரு படி போய், இடமும் காலமும் நாம் உலகைக் காணும் விதத்தின் வடிவங்கள் என்றார்.

1827இல் மோபியஸ் சொன்னது இந்தச் செருப்புக்கு நேரே பொருந்தும்: நான்காவது திசை ஒன்று இருந்தால் அதன் வழியே திருப்பி இடதை வலதாக்கிவிடலாம். தரையில் கிடக்கும் காகிதப் பாதத்தைத் தூக்கிப் புரட்டிப் போடுவதைப் போல. அப்படியானால் இடம் வலம் என்ற வேறுபாடே பரிமாண எண்ணிக்கையைப் பொறுத்தது. 1854இல் ரீமான், வெளியின் அளவுமுறையை மனத்துக்குள் தேடாமல் அனுபவத்தில் சோதித்தே அறிய வேண்டும் என்று வாதிட்டார். நான் ரீமானின் பக்கம். காண்டின் கேள்வி இல்லாமல் ரீமானின் பதிலுக்கு இவ்வளவு கனம் வந்திருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

காலம் பரிமாணம் என்றால், அது ஏன் ஓடுவதாகத் தெரிகிறது?

நான்கு பரிமாணப் படத்தில் நேற்றும் நாளையும் மலைப்பாதையின் வளைவுகளைப் போல ஒரே சமயத்தில் இருக்கின்றன. ஓட்டம் அதில் இல்லை. 1922இல் பாரிஸில் தத்துவ அறிஞர் பெர்க்சன் ஐன்ஸ்டைனிடம் இதைத்தான் முன்வைத்தார்: கடிகாரம் அளக்கும் காலம் வேறு, வாழ்ந்து உணரும் காலம் வேறு. தத்துவவாதிகளுக்கென்று தனிக் காலம் இல்லை என்று ஐன்ஸ்டைன் மறுத்தார்.

'நாளென ஒன்றுபோற் காட்டி உயிரீரும் வாளது உணர்வார்ப் பெறின்' என்கிறது குறள். நாள் என்று ஒரு அளவைப் போலத் தோற்றம் காட்டிக்கொண்டே உயிரை அறுக்கும் வாள். அளவாகத் தெரிவதும் அறுப்பதும் ஒரே பொருள்தான் என்று அங்கே இரண்டும் சேர்ந்து நிற்கின்றன. இயற்பியலால் அந்த 'ஒன்றுபோற் காட்டி' வரைக்கும் விளக்க முடிகிறது. அறுப்பதை ஏன் உணர்கிறோம் என்பது தீர்ந்த கேள்வி என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

நான்கு பரிமாணப் பொருளை எப்படியாவது பார்க்க முடியுமா?

நிழலைப் பார்க்கலாம். கட்டுக்கம்பியை வளைத்து ஒரு கனசதுரச் சட்டம் செய்து, ஏற்காடு ஏரிக்கரையில் வெயிலில் பிடித்தோம். மண்ணில் விழுந்த நிழலில், கம்பிகள் தொடாத இடங்களிலும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டின. மூன்று பரிமாணப் பொருள் இரண்டில் இறங்கும்போது நேரும் விபத்து அது. வெட்டுவது போலத் தெரிந்தாலும் வெட்டவில்லை என்று நமக்குத் தெரிகிறது, ஏனென்றால் சட்டம் கையில் இருக்கிறது.

வீட்டில் இப்படிச் செய்யுங்கள். ஒரு சதுரம் வரைந்து, சற்றுத் தள்ளி இன்னொரு சதுரம் வரைந்து, ஒத்த மூலைகளை இணைத்தால் கனசதுரத்தின் நிழல்: 8 மூலைகள், 12 விளிம்புகள். இப்போது அந்த முழுப் படத்தையும் வேறொரு திசையில் தள்ளி மறுபடி வரைந்து, ஒத்த மூலைகளை இணையுங்கள். பழைய விளிம்புகளை ஒரு நிறத்திலும், இணைக்கும் கோடுகளை வேறு நிறத்திலும் வரைந்தால் கண் குழம்பாது. கிடைப்பது நான்கு பரிமாணக் கனசதுரத்தின் நிழல். மூலைகள் 16ஆகவும் விளிம்புகள் 32ஆகவும் வந்தால் சரியாக வரைந்திருக்கிறீர்கள்.